மூவர் இசைத்த ஓரிசை

(சங்கத்தின் பொங்கல் விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இசையைப் பற்றிச் சிறிது நேரம் பேச வேண்டும் என்று செயற்குழுவினர் பணித்தனர். இசை என்றவுடன் தமிழர் நெஞ்சில் 'மூவர்' என்னும் சொல் தானே எழும். தேவாரம் பாடிய மூவர் உண்டு; சீர்காழியைச் சார்ந்த தமிழிசை மூவர் உண்டு; திருவாரூரில் தோன்றிய சங்கீத மும்மணிகள் உண்டு. இன்று நாம் கூற வந்ததும் ஒரு மூவர் வரலாறே. ஆயினும் இவர்கள் தமிழரும் அல்லர், இந்தியரும் அல்லர். ஒருவர் பிரான்சு நாட்டவர். ஒருவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து பிரான்சில் வளர்ந்தவர். ஒருவர் ஸ்பெயின் நாட்டின் கேட்டலோனியாப் பகுதியைச் சேர்ந்தவர். வயலின் வாசித்தவர் ழாக் திபோ. பியானோ வாசித்தவர் ஆல்பிரெட் கோர்த்தோ. செல்லோ வாசித்தவர் பாப்லோ காஸல்ஸ். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இம்மூவரும் கூடி இசைத்தனர், பின்னர்ப் பிரிந்தனர். அவர்கள் கூடிய கதையும் பிரிந்த கதையும் நம் போன்ற ஒரு சங்கத்தார் கேட்கத் தக்கவை என்று கருதியே இப்பொருளைத் தேர்ந்தோம்.

முதலில் இந்த இசைமுறை இன்னதென்று அறிதல் வேண்டும். பியானோ, வயலின், செல்லோ ஆகிய மூன்று கருவிகள் கூடி இசைப்பதை மேனாட்டார் 'பியானோ டிரையோ' என்பர். வயலின் நமக்குப் புதிதன்று. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலிருந்து அது நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. செல்லோ என்பது வயலினின் தமையனைப் போன்றது. அமர்ந்த நிலையில் முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி, வில்லால் இழைத்து வாசிக்கும் பெருங்கருவி அது. அதன் ஒலி ஆழ்ந்தது. முதிர்ந்த ஆண்மகன் ஒருவன் மனமுருகிப் பாடுவது போன்றது.

நம் கச்சேரியில் பாடகர் நடுவில் அமர்கிறார். வயலினும் மிருதங்கமும் அவர்க்குப் பக்கவாத்தியம். தனியாவர்த்தனம் வரும்வரை மிருதங்கக்காரர் காத்திருக்கிறார். டிரையோவில் அத்தகைய தலைமையும் துணைமையும் நிலையாக இல்லை. ஒரு கணம் வயலின் பேசும், மற்றவை இரண்டும் கேட்கும். மறுகணம் செல்லோ அப்பேச்சை ஏற்று நடத்தும். பியானோ இருவர் சொல்லையும் கோத்து மேலே செல்லும். தொடக்கத்தில் இந்தச் சமத்துவம் இருந்ததில்லை. ஐடன் என்னும் இசையாசிரியர் காலத்தில் பியானோவே கோலோச்சியது. செல்லோ பெரும்பாலும் பியானோவின் இடக்கை எழுப்பும் தாழ்சுரங்களையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. பீத்தோவனும் சூபர்ட்டும் எழுதிய டிரையோக்களில்தான் செல்லோ தனக்கென ஒரு நாவைப் பெற்றது எனலாம். பீத்தோவன் 1811-இல் இயற்றி, தம் மாணவரும் புரவலருமாகிய ருடால்ப் இளவரசருக்குக் காணிக்கையாக்கிய டிரையோ இவ்வகையில் மணிமுடி போன்றது. அது 1814-இல் வியன்னாவில் அரங்கேறியபோது, செவிப்புலன் பெரிதும் அழிந்துபோன நிலையில் பீத்தோவனே பியானோவின் முன் அமர்ந்தார்.

இம்முறையில் ஒரு பெரிய இடர்ப்பாடு உண்டு. பியானோ பேரொலி உடையது. அது விரும்பினால் மற்ற இரண்டையும் மூழ்கடித்துவிடும். ஆதலால் பியானோ வாசிப்பவர்க்குத் தம் வலிமையை அடக்கிக்கொள்ளும் பண்பு வேண்டும். தன் குரலை உயர்த்துபவன் அல்லன், பிறர் குரலைக் கேட்பவனே இங்கு வல்லவன்.

இனி மூவரின் வரலாற்றுக்கு வருவோம்.

காஸல்ஸ் 1876-இல் எல் வெண்ட்ரெல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். தாயார் பிலார், கடல் கடந்து குடியேறிய கேட்டலான் குடும்பத்தில், போர்ட்டோ ரிக்கோத் தீவில் பிறந்தவர். மகனின் திறமையை முதலில் உணர்ந்து, அவரைப் பார்சலோனாவுக்குக் கல்வி பயில அழைத்துச் சென்றவர் அத்தாயே. செல்லோ பயிலும் மாணவர் முழங்கை விலகாதிருக்கக் கக்கத்தில் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வாசிக்க வேண்டும் என்பது அக்கால வழக்கம். இளைஞர் காஸல்ஸ் அவ்வழக்கத்தை உதறிக் கையை விடுதலை செய்தார்; இன்று உலகெங்கும் செல்லோ வாசிப்போர் அவர் வகுத்த வழியிலேயே செல்கின்றனர். மாலை வேளைகளில் ஒரு காப்பிக் கடையில் வாசித்துப் பொருள் ஈட்டினார். பதின்மூன்று வயதில் ஒரு பழைய கடையில் பாக் என்னும் பேராசிரியர் தனிச் செல்லோவுக்கு எழுதிய ஆறு தொகுதிகளைக் கண்டெடுத்தார். அவற்றை மேடையில் முழுமையாக வாசிக்கத் துணிவதற்கு முன் பல ஆண்டுகள் வீட்டிலேயே பயின்றார். பிறகு பாரிசில் வாழ வழியின்றித் தவித்த நாட்களில், தாயார் தம் கூந்தலை வெட்டி விற்றுக் குடும்பம் நடத்தியதை முதுமையிலும் அவர் மறந்தாரில்லை.

கோர்த்தோ 1877-இல் சுவிட்சர்லாந்தின் நியோன் நகரில் பிறந்தார். திபோ 1880-இல் பிரான்சின் போர்தோ நகரில், ஒரு வயலின் ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். இருவரும் பாரிசு இசைக் கல்லூரியில் பயின்று, 1896-ஆம் ஆண்டிலேயே அவரவர் கருவியில் முதற்பரிசு பெற்றனர். முதற்பரிசு பெற்றபோதும் திபோவுக்கு வாழ்வு உடனே மலரவில்லை. அவரும் பாரிசில் ஒரு காப்பிக் கடையில் வாசித்து வந்தார். அங்கே அவர் வாசிப்பைக் கேட்ட கொலோன் என்னும் இசைக்குழுத் தலைவர் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். கோர்த்தோவோ பியானோவோடு நின்றவர் அல்லர். வாக்னரின் இசை நாடகங்களில் பற்றுக்கொண்டு ஜெர்மனியின் பைராய்த் நகரில் பணி புரிந்தவர். 1902-இல் வாக்னரின் பெரு நாடகம் ஒன்றைப் பாரிசில் முதன்முதலாக அரங்கேற்றி நடத்தியவர். 1919-இல் பாரிசில் இசைப் பள்ளி ஒன்றை நிறுவுவதிலும் முன்னின்றார். சோப்பேன் என்னும் இசைவாணரின் பியானோ இசையை விளக்குவதில் அவருக்கு நிகரானோர் அரியர் என்பது அறிஞர் கருத்து.

இத்தகைய மூவர் 1905-இல் கூடினர். காஸல்ஸுக்கு வயது இருபத்தெட்டு, கோர்த்தோவுக்கு இருபத்தேழு, திபோவுக்கு இருபத்து நான்கு. முதலில் மேடைக்காகவோ பொருளுக்காகவோ அவர்கள் கூடவில்லை. நண்பர் வீடுகளில், தம் மன மகிழ்ச்சிக்காகவே வாசித்தனர். பிறகே பொதுமக்கள் முன் வந்தனர். ஒவ்வொருவரும் தனித்தனியே பெரும்புகழ் பெற்றவர். ஒவ்வொருவர்க்கும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அழைப்புகள் மிகுதி. ஆதலால் ஆண்டில் சில வாரங்களே அவர்கள் ஒன்றாக இருக்க முடிந்தது. அச்சில வாரங்களே போதுமானவையாயின. நாள்தோறும் முகம் பார்த்துக்கொண்டு மனத்தால் விலகி வாழ்வோரும் உளர். ஆண்டுக்கொரு முறை கூடினும் மனம் ஒன்றியிருப்போரும் உளர். இம்மூவர் இரண்டாம் வகையினர்.

1925-ஆம் ஆண்டளவில் மின்சார முறையில் ஒலிப்பதிவு செய்யும் வழக்கம் வந்தது. 1926 முதல் 1928 வரை மூவரும் இலண்டனில் சூபர்ட், ஐடன், மெண்டல்சன், சூமான், பீத்தோவன் ஆகியோர் இயற்றிய டிரையோக்களை இசைத்தட்டுகளில் பதிந்தனர். அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடமே அடங்கும். அந்நான்கைந்து நிமிடத்தில் ஒருவர் தவறினாலும் மூவரும் அப்பக்கத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். வெட்டி ஒட்டும் வசதி அன்று இல்லை. இத்துணை இடர்களுக்கு இடையிலும் அவ்விசை ஆற்றொழுக்காகச் செல்கிறது. கோர்த்தோவின் பியானோ எங்கும் தோழர்களை அமுக்குவதில்லை. திபோவின் வயலின் சிரித்து விளையாடுகிறது. காஸல்ஸின் செல்லோ இருவர்க்கும் அடித்தளமாய் நிற்கிறது. மூவரின் இயல்பும் வேறு வேறாகவே ஒலிக்கின்றன. ஆயினும் இசை ஒன்றாகவே இருக்கிறது. நூறாண்டு கழிந்த இந்நாளிலும் அப்பதிவுகள் வழக்கொழியவில்லை. நம் பிள்ளைகள் தம் கைப்பேசியிலேயே அவற்றைக் கேட்கலாம். கேட்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

நட்பின் உச்சம் என்று 1929-ஆம் ஆண்டைக் கூறலாம். காஸல்ஸ் 1920-இல் பார்சலோனாவில் தம் கைப்பொருளைச் செலவிட்டு ஓர் இசைக்குழுவை நிறுவியிருந்தார். தொழிலாளர் குறைந்த கட்டணத்தில் நல்லிசை கேட்கத் தனியே ஓர் அமைப்பையும் ஏற்படுத்தியிருந்தார். அவ்விசைக்குழுவைக் கோர்த்தோ நடத்த, திபோவும் காஸல்ஸும் முன்னின்று வாசிக்க, பிராம்ஸ் இயற்றிய இரட்டைக் கான்செர்ட்டோ அவ்வாண்டில் பதிவாயிற்று. நண்பன் ஊரில், நண்பன் வளர்த்த குழுவில், மூவரும் சேர்ந்த காட்சி அது.

அதற்குப் பின் நிகழ்ந்ததைக் கூற நா தயங்குகிறது. ஆயினும் கூறவே வேண்டும்.

1930-களின் முற்பகுதியோடு மூவரின் கூட்டிசை நின்றுபோயிற்று. 1936 சூலைத் திங்கள் 18-ஆம் நாள் காஸல்ஸ் பார்சலோனாவில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனிக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார். படைக் கலகம் மூண்டுவிட்டது, அனைவரும் வீடு செல்லுங்கள் என்று செய்தி வந்தது. இனி எப்போது கூடுவோமோ, பிரியுமுன் இறுதிப் பகுதியை வாசித்து முடிப்போமா என்று காஸல்ஸ் தம் குழுவினரைக் கேட்டார், அவர்களும் இசைந்தனர். மானிடர் யாவரும் உடன்பிறந்தார் என்னும் பொருளுடைய அப்பாட்டைக் கண்ணீரோடு பாடி முடித்துப் பிரிந்தனர். மூன்றாண்டுப் போரின் முடிவில் 1939-இல் பிராங்கோ என்னும் படைத்தலைவரின் ஆட்சி ஸ்பெயினில் நிலைபெற்றது. காஸல்ஸ் நாட்டைத் துறந்து, எல்லைக்கு அப்பால் பிரான்சிலுள்ள பிராத் என்னும் சிற்றூரில் குடியேறினார். அவரைப் போலவே எல்லை கடந்து வந்து முகாம்களில் வாடிய அகதிகளுக்காக உலகெங்கும் கடிதங்கள் எழுதினார். இசை நிகழ்ச்சிகள் நடத்திப் பொருள் திரட்டினார். பிரான்சு ஜெர்மானியர் வசமான பிறகு, பெர்லினுக்கு வந்து வாசிக்குமாறு ஜெர்மானிய அதிகாரிகள் அவர் வீடு தேடி வந்து அழைத்தனர். அவர் மறுத்துவிட்டார்.

அதே காலத்தில் கோர்த்தோ என் செய்தார்? ஜெர்மானியர்க்கு இணங்கி நடந்த விஷி அரசின் கலைத்துறையில் உயர்பதவி ஏற்றார். 1942-இல் ஜெர்மனிக்கே சென்று வாசித்தார். பிறர் குரலை அமுக்காமல் பியானோ வாசிக்கத் தெரிந்த அதே கைகள், பல்லாயிரவர் குரலை அமுக்கிய ஓர் ஆட்சிக்குத் துணை நின்றன. கலையின் நுட்பம் ஒன்று, மனிதனின் துணிவு மற்றொன்று. முன்னது இருப்பதனாலேயே பின்னதும் இருக்கும் என்று நாம் எண்ணிவிடலாகாது. இவ்வுண்மை நமக்குக் கசப்பானது. ஆயினும் மறைக்கத் தக்கதன்று. போர் முடிந்தபின் கோர்த்தோவுக்கு ஓராண்டுக் காலம் மேடையேறத் தடை விதிக்கப்பட்டது. 1947-இல் பாரிசில் அவர் மீண்டும் மேடையேறியபோது அவையினரிடையே எதிர்ப்புக் கூச்சல் எழுந்தது.

போர் ஓய்ந்த பின்னர் ஒருநாள் கோர்த்தோ பிராத் ஊருக்குக் காஸல்ஸைத் தேடி வந்தார். தாம் பகைவர்க்குத் துணை போனது உண்மை என்றும், அதற்காக வெட்கப்படுவதாகவும் சாக்குப்போக்கின்றிக் கூறினார் என்று காஸல்ஸ் தம் வாழ்க்கை நினைவுகளில் பதிந்திருக்கிறார். உண்மையை ஒப்புக்கொண்டமையாலேயே நண்பரை மன்னித்துக் கை நீட்டியதாகவும் அவர் கூறுகிறார். அன்பர்களே, இம்மன்னிப்பை நாம் ஊன்றி நோக்க வேண்டும். தவறு தவறன்று என்று காஸல்ஸ் சொல்லவில்லை. தம் கொள்கையையும் அவர் சிறிதும் தளர்த்தவில்லை. பிராங்கோ அரசை ஏற்றுக்கொண்ட நாடுகளில் வாசிப்பதில்லை என்று உறுதி பூண்டு, புகழும் பொருளும் குவியக்கூடிய மேடைகளையெல்லாம் துறந்து பிராத்திலேயே அடங்கியிருந்தவர் அவர். அவர் வெளியே வர மறுத்ததனால், 1950-இல் பாக் மறைந்த இருநூறாம் ஆண்டையொட்டி, உலகின் இசைவாணர்களே அச்சிற்றூருக்குத் திரண்டு வந்து விழா நடத்தினர். இத்துணை உறுதியுடையவரே நண்பர்க்குக் கை நீட்டினார். கொள்கையில் வளையாமையும் மனிதனிடம் இரங்குதலும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக் கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

மூவரும் மீண்டும் கூடும் வாய்ப்பை விதி அளிக்கவில்லை. 1953 செப்டம்பர் முதல் நாள், கீழ்த்திசை நாடுகளில் வாசிப்பதற்காகப் பாரிசிலிருந்து சைகோன் நோக்கிப் புறப்பட்ட விமானத்தில் திபோ பயணம் செய்தார். அவ்விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோதிச் சிதறியது. அதிலிருந்த நாற்பத்திரண்டு பேரும் மாண்டனர். 1720-இல் ஸ்திராதிவாரி என்னும் தச்சர் பெருமகன் செய்த, திபோவின் உயிரனைய வயலினும் அவரோடு அழிந்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1958 சூலைத் திங்களில், பிராத் விழாவின் மேடையில் கோர்த்தோவும் காஸல்ஸும் ஒன்றாகத் தோன்றினர். ஒருவர்க்கு வயது எண்பது, மற்றவர்க்கு எண்பத்தொன்று. பியானோவும் செல்லோவும் மட்டுமே இசைக்கும் பீத்தோவனின் படைப்புகளை வாசித்தனர். விரல்கள் முன்போல் விரையவில்லை. சில இடங்களில் சுரங்கள் தடுமாறின. வயலினுக்குரிய இடம் வெறுமையாகவே இருந்தது. எனினும், இழந்த ஆண்டுகளை எண்ணி இருவர் ஒருவரையொருவர் செவிமடுத்த அவ்விசையின் மதிப்பை விரல்களின் விரைவு கொண்டு அளக்கலாகாது. கோர்த்தோ 1962-இல் மறைந்தார்.

காஸல்ஸ் தம் இறுதிக் காலத்தைத் தாயார் பிறந்த போர்ட்டோ ரிக்கோவில் கழித்தார். 1971-இல், தொண்ணூற்று நான்கு வயதில், ஐக்கிய நாடுகள் சபையில் தம் கேட்டலோனியாவின் நாட்டுப்பாடலாகிய 'பறவைகளின் பாட்டு' என்பதைச் செல்லோவில் வாசித்தார். 1973-இல் மறைந்தார். தாய்நாட்டில் மீண்டும் குடியேறாமலே கண்மூடினார். பிராங்கோ 1975-இல் இறந்து, குடியாட்சி மீண்ட பின்னரே, 1979-இல் அவர் உடல் எல் வெண்ட்ரெல் வந்து சேர்ந்தது.

நாமும் ஊரை விட்டு வந்தவர்கள்தாம். ஆனால் காஸல்ஸின் பிரிவும் நம் பிரிவும் ஒன்றல்ல. நாம் பிழைப்பு நாடி வந்தோம். விடுமுறை விட்டால் இரயிலேறி ஊர் சென்று திரும்புகிறோம். அவர் மனச்சான்றின் பொருட்டு வெளியேறி, மீண்டும் அங்குக் குடியேறாமலே இருந்தார். ஆதலால் அவரோடு நம்மை ஒப்பிட்டுப் பெருமை கொள்ள நாம் முன்வரவில்லை. அவரிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளவே விழைகிறோம்.

நம் சங்கத்தில் சென்ற சில ஆண்டுகளாக மனவேறுபாடுகள் நேர்ந்தன. அவை யாவை? வரவுசெலவுக் கணக்கில் ஓர் ஐயம். மேடையில் யார் பெயரை முதலில் சொல்வது என்னும் பூசல். நாடகத்தில் யார் பிள்ளைக்கு எந்த வேடம் என்னும் மனத்தாங்கல். இவற்றின் பொருட்டு இக்காலனியிலேயே, நாலு தெரு தள்ளி வாழும் சில குடும்பத்தார் விழாக்களுக்கு வருவதை நிறுத்திவிட்டனர். கோர்த்தோவையும் காஸல்ஸையும் பிரித்தது உலகப் போர். நம்மைப் பிரித்தது நாற்காலி வரிசை. அவ்வளவு பெரிய பிளவையே ஓர் உண்மையான சொல்லும் ஒரு நீட்டிய கையும் இணைக்க வல்லவாயின் என்றால், நம் சிறு பிளவை இணைக்க இயலாதா? இதில் நாமும் குற்றமற்றவர் அல்லோம். பியானோவைப் போல் ஓங்கி ஒலித்து மற்றவர் சொல்லைக் கேளாதிருந்த நாட்கள் நமக்கும் உண்டு. அதை இம்மேடையிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

இன்னும் சில வாரங்களில் ஆண்டு விழா வருகிறது. அழைப்பிதழ்களை இம்முறை அஞ்சலிலோ கைப்பேசியிலோ அனுப்பி அமைய வேண்டா. வாராதிருக்கும் குடும்பத்தார் வீட்டுக்கு நாமே நடந்து சென்று, கதவைத் தட்டி, கையில் கொடுத்து அழைப்போம். யார் முதலில் செல்வது என்று பார்க்க வேண்டா. திபோவின் நாற்காலி நிரந்தரமாக வெறுமையாகிவிட்ட பிறகே மற்ற இருவரும் ஒரே மேடையில் அமர்ந்தனர். நம் அவையில் இன்று வெறுமையாயிருக்கும் நாற்காலிகளுக்கு உரியவர்கள், நல்வினைப் பயனாக, நாலு தெரு தொலைவிலேயே நலமாக இருக்கிறார்கள்.